கழிவறைப் பிரதிஷ்டை

ஒரு கழிவறை கட்ட இரண்டு நாள் போதும் என்று ரூபன் நினைத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. துடியலூரில் இருபது வருசமாக பிளம்பர் வேலை பார்க்கிறவன் வேறெப்படி நினைப்பான்? குழி தோண்ட அரை நாள், சிமெண்ட் ரிங் இறக்க அரை நாள், சுவர் எழுப்ப ஒரு நாள், கமோடை உட்கார்த்திப் பைப் இழுக்க இரண்டு மணி நேரம். அதற்கு மேல் ஒரு கழிவறையில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நம்புகிற அளவுக்கு வெள்ளந்தி. என்னென்ன இருக்கிறது என்பதை அவனுக்குக் காட்டிக்கொடுத்தது, ஞாயிறுதோறும் அவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வரும் இரக்கத்தின் ஆலயம்தான்.

ஆலயத்தின் சேவைப் பயணக் குழு வருசத்துக்கு ஒரு கிராமத்துக்குப் போகும். இந்த வருசம் அன்னூரைத் தாண்டி ஒரு காலனி. அங்கே பழனியாத்தாள் என்று ஒரு பெண். ஸ்பின்னிங் மில்லில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து பிளேட் வைத்தவள். குத்தவைக்க முடியாது, ஆள் துணையில்லாமல் தூரம் நடக்க முடியாது, வீட்டில் கழிவறையும் கிடையாது. இந்த அறிவிப்பை வாசிக்கக் கேட்டதும், நம்ம கை வேலைதானே இது என்று ரூபனுக்குத் தோன்றியது. ஆராதனை முடிந்ததும் போய்ப் பெயர் கொடுத்தான்.

பெயரை எழுதிக்கொண்டவர் குழுவின் செயலர் மதன்குமார். சரவணம்பட்டியில் ஒரு பெரிய கம்பெனியில் ஆட்களை வேலையை விட்டு அனுப்புகிற பதவியில் இருப்பவர். அதனால் குரல் மிகவும் மென்மையாக இருக்கும்.

"பிளம்பரா ப்ரதர்? ரொம்ப சந்தோஷம். ஆனா நாங்க தொழிலைப் பாத்து ஆள் எடுக்கறதில்லைங்க. வரத்தைப் பாத்துத்தான் எடுக்கறது."

யாருக்கு என்ன வரம் என்று கண்டுபிடிக்க ஒரு படிவம் வைத்திருந்தார்கள். நூற்றிருபது கேள்வி. முன்பின் தெரியாதவர் அழுதால் முதலில் என்ன செய்வீர்கள், மலையைப் பார்த்தால் என்ன தோன்றும், உங்களை ஒரு பறவையாக நினைத்தால் எந்தப் பறவை என்றெல்லாம் கேட்டிருந்தது. ரூபன் வேர்த்து விறுவிறுத்து எல்லாவற்றுக்கும் உண்மையையே எழுதினான். உளவியல் படித்த பிந்து என்ற பெண், குழுவுக்குப் போட்டோ எடுப்பவளும் அவள்தான், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடிவைச் சொன்னாள்.

"உற்சாகமூட்டும் வரம் எழுபத்தெட்டு சதவீதம் வருதுங்கண்ணா. கைவேலை வரம் நாலு."

ரூபன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கைவேலை வரம் தொண்ணூற்றொன்று வாங்கியவர் ஒரு கண் மருத்துவர். ஆகவே பைப் வேலை அவருக்குப் போனது. கொத்து வேலை சாப்ட்வேர்காரர்களுக்கு. ரூபனுக்குக் காலனிக் குழந்தைகளை உட்கார வைத்து ஆக்‌ஷன் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு.

"ஏனுங்க, எனக்குப் பாட வராதுங்க. பைப்புதானுங்க தெரியும்."

"அதான் ப்ரதர் விசயமே. தெரிஞ்ச வேலையைச் செஞ்சா அது பிழைப்பு. தெரியாத வேலையைச் செய்யறப்பதான் அது ஊழியம். நீங்க பைப் மாட்டுனா நமக்கு ஒரு பைப் கிடைக்கும். டாக்டர் மாட்டுனா நமக்கு ஒரு சாட்சி கிடைக்கும்" என்றார் மதன்குமார்.

பிறகு ஆறு சனிக்கிழமை பயிற்சி நடந்தது. ஏசி ஹாலில் தாழ்மைப் பயிற்சி. ஏழை வீட்டில் தண்ணீர் கொடுத்தால் முகம் சுளிக்காமல் குடிப்பது எப்படி என்று ஒரு வகுப்பு. பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை டீத்தூளைக் கலக்கி, நசுங்கிய சொம்பில் ஊற்றி, ஆளுக்கு ஒரு வாய் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு பேர் கண்ணீர்விட்டார்கள். ரூபன் வீட்டுக் குழாயில் இதைவிடக் கலங்கலாகத்தான் வரும் என்பதால் அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்தான். "நிதானமா குடிங்க ப்ரதர், தியாகம் வெளிய தெரியோணும்" என்று அவனை மட்டும் மறுபடி குடிக்க வைத்தார்கள்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை காலையில் நாற்பத்திரண்டு பேர் ஏசி பஸ்ஸில் போய் இறங்கினார்கள். எல்லோர் சட்டையிலும் 'நான் சிறியவன்' என்று கழுத்திலிருந்து தொப்புள்வரை பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. காலனி ஆட்களில் பாதிப்பேர் மில் வேனில் வேலைக்குப் போயிருந்தார்கள். பழனியாத்தாள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள் யுவஸ்ரீ, பதினெட்டு வயசுப் பெண், எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். புருசன் இல்லாத வீடு. இருப்பது இந்த இரண்டு பேர்தான்.

குழி எங்கே தோண்டுவது என்று இடம் பார்க்கப் போன ரூபனிடம் அந்தப் பெண் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தாள்.

"அம்மாவைக் காலைல ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா, அந்த வேலிக்காத்தான் முள்ளுப் பொதருக்குள்ள கூட்டிட்டுப் போகோணுங்கண்ணா. பிளாஸ்டிக் சேர்ல ஓட்டை போட்டு வெச்சிருக்கறேன். ஒரு கைல சேரு, ஒரு கைல அம்மா."

"வேற யாரும் இல்லீங்களா அம்மணி?"

"எல்லாரும் ஆறு மணிக்கே வேனுக்குப் போயிருவாங்க. எனக்குத் தாராபுரம் பக்கத்துல நர்சிங் சீட்டு கெடச்சிருக்குதுங்கண்ணா. ஹாஸ்டல். இருபத்தொண்ணாந்தேதி வியாழக்கெழமைக்குள்ள சேரோணும், இல்லாட்டி அடுத்த பேருக்குக் குடுத்துருவாங்க. இது கட்டிப்போட்டீங்கன்னா அம்மா வாக்கரைப் புடிச்சுட்டு அவங்களே போயிக்குவாங்க. நான் பொட்டி கட்டி வெச்சுட்டேனுங்க."

ரூபன் ஓடிப்போய் மதன்குமாரிடம் சொன்னான். மதன்குமார் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உடனே பிந்துவைக் கூப்பிட்டு, யுவஸ்ரீயைக் கட்டில் ஓரமாக நிற்க வைத்து, அதே சங்கதியை கேமரா முன்னால் சொல்லச் சொன்னார். முதல் தடவை வெளிச்சம் சரியில்லை. இரண்டாம் தடவை ஆடு கத்தியது. மூன்றாம் தடவை சொல்லும்போது அந்தப் பெண்ணுக்குச் சலித்துப்போய்க் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இது போதும், அருமை" என்றார்.

அதற்குள் பழனியாத்தாள் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, நீங்க மருதாசலத்தண்ணன் பையனுங்களா? அதே மூக்கு! அந்தக் கோடி ஊடு உங்களுதுதானுங்களே. உங்கப்பாவும் எங்கண்ணனும் ஒண்ணாத்தான் பண்ணையத்துல ஆடு மேச்சாங்க. இத்தனை வருசங்கழிச்சு நம்மூருக்கு வந்திருக்கறீங்க..."

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மதன்குமாரின் முகம் ஒரு கணம் பொலிவிழந்தது. "பயனாளி கொஞ்சம் குழப்பத்துல இருக்காங்க. அதை கட் பண்ணிடு பிந்து" என்றார், குரல் மாறாமல்.

வேலை ஆரம்பமானது. பக்கத்து வீட்டுத் திருமலைசாமி, மில்லில் இரவு வேலை முடிந்து வந்தவர், தூங்காமல் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்து நின்றார். கூடவே நாலு பேர். அவர்களைத் தடுத்து நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் 'பயனாளி' என்று அட்டை மாட்டிவிட்டார்கள். வாங்கிக்கொள்கிறவர்களே வேலையும் செய்தால் யார் யாருக்கு உதவினார்கள் என்று பின்னால் குழப்பம் வந்துவிடும் என்பது குழுவின் அனுபவம். திருமலைசாமி அட்டையோடு உட்கார்ந்து, சாப்ட்வேர்காரர்கள் மண்வெட்டியைப் பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எப்படியோ மத்தியானத்துக்குள் ஒரு குழி வந்தது.

பிறகு செங்கல். ஆளுக்கு ஒரு செங்கல்தான். மண்டியிட்டு அதைக் கையில் ஏந்தி, இந்தச் செங்கல் எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும். வைத்த பிறகு எல்லோரும் கட்டிப்பிடிக்க வேண்டும். ஒரு பெண் தன் செங்கலில் தன் மாமியாரை மன்னித்தாள். பொழுது சாயும்போது நாற்பத்திரண்டு செங்கல் ஆகியிருந்தது. சுவர் முழங்காலுக்கும் எட்டவில்லை. பழனியாத்தாள் அதைப் பார்த்து, "ஆடு தாண்டீருங்களே" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. காலனியிலேயே ஆராதனை. ஷாமியானா போட வேண்டிய இடத்தில் குழி இருந்தது. பாடகர் குழு நிற்கும் இடம் சமமாக இல்லையென்றால் சுருதி சேராது என்று முடிவாகி, எல்லோரும் உற்சாகமாகப் பாடிக்கொண்டே குழியை மூடினார்கள். அந்தப் பயணத்திலேயே இருபது நிமிடத்தில் முடிந்த வேலை அது ஒன்றுதான். ஆராதனை முடிகிற நேரத்தில் லாரியில் ரெடிமேட் சிமெண்ட் பலகைகள் வந்தன. லாரிக்காரர்கள் நாலு பேர் பீடியை அணைத்துவிட்டு இறங்கி, அந்தச் செங்கலின் மேல் பலகைகளை நிறுத்தி, கூரையும் கதவும் போட்டு, ஒரு மணி நேரத்தில் கிளம்பிப் போனார்கள். அவர்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கடைசி நாள். காலை பத்தரையிலிருந்து ஒன்றரை வரை நாற்பத்தொரு பேரும் வேப்பமரத்தடியில் மௌன தியானத்துக்கு உட்கார்ந்தார்கள். நாற்பத்திரண்டாவது ஆள் குழந்தைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரூபன் குழந்தைகளைத் திருமலைசாமி வீட்டு டிவி முன்னால் உட்கார வைத்தான். திருமலைசாமி கழுத்து அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூடிய மண் இளகித்தான் கிடந்தது. குழி திறந்து, ரிங் இறக்கி, நாலு இஞ்சு பைப்பை எல்போ வைத்துத் திருப்பி, சொலூஷன் தடவி, கமோடை உட்கார்த்தி, பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பியும் மாட்டினான். அது யாருடைய திட்டத்திலும் இல்லாத கம்பி. யுவஸ்ரீ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு பொருள் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

"போயிருச்சும்மா!" என்று அந்தப் பெண் கத்தினாள். பழனியாத்தாள் கட்டிலில் இருந்தபடி சிரித்தாள். ரூபனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கத்தல் கேட்டுத் தியானம் கலைந்தது. கண் மருத்துவர் வந்து பார்த்தார். பைப்பைத் தொட்டார். அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "ஆறு வாரமா இதுக்காக ஜெபிச்சேன்" என்று விம்மினார். அவரைத் தேற்ற எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். ரூபனைத் தனியாகக் கூப்பிட்டுப் போனார் மதன்குமார்.

"ப்ரதர், நீங்க இன்னைக்கு ஒருத்தரோட ஊழியத்தைத் திருடிட்டீங்க."

"அந்தப் புள்ள வியாழக்கெழம போகோணுமுங்க. அதான் முடிச்சுப்போட்டேன்."

"முடிக்கறதுதான் முக்கியம்னா நாலு கூலியாளை அனுப்பியிருக்க மாட்டோமா? நாங்க இங்க வர்றது நாங்க மாறறதுக்கு. கழிவறை ஒரு சாக்குதானுங்க. அந்த சாக்கை நீங்க சீக்கிரம் முடிச்சுப்புட்டீங்க."

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது. ரூபன் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். கண் மருத்துவர் ஸ்பேனரைப் பிடித்தபடி பைப் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் மதன்குமார் ஒரு புதுப் பூட்டை எடுத்துக் கழிவறைக் கதவில் மாட்டிப் பூட்டினார்.

"இது எதுக்குங்க?" என்றான் ரூபன்.

"இருபத்திநாலாம் தேதி தலைமை ஆயர் வந்து பிரதிஷ்டை பண்றாரு. அதுக்கு முன்னாடி யாரும் உபயோகிக்கக் கூடாது. ஆலயத்துக்கு வந்த எந்தப் பொருளையும் நாங்க அப்படித்தான் வெச்சிருக்கோம். புது ஆர்மோனியத்தை மூணு மாசம் துணி போட்டு மூடி வெச்சிருந்தோம்."

"ஆர்மோனியம் இல்லாட்டி இருக்கலாமுங்க. இது இல்லாட்டி..."

"முன்னாடியே உபயோகிச்சுட்டா அப்புறம் எதை ப்ரதர் பிரதிஷ்டை பண்றது? பரிசுத்தம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

யுவஸ்ரீ முன்னால் வந்தாள். "நான் வியாழக்கெழமை காலேஜுக்குப் போகோணுங்க சார்."

"தாராளமா போங்க சிஸ்டர். யாரு வேண்டாம்னாங்க?" என்றார் மதன்குமார். பஸ் கிளம்பியது.

புதன்கிழமை காலையில் ரூபன் ஆக்சா பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். அவன் மனைவி கயல்விழி வாசலில் குறுக்கே நின்றாள். விவரம் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"பூட்டை அறுக்கறது அஞ்சு நிமிச வேலைங்க. அப்பறம் சபையை விட்டு நீக்கிப்போட்டாங்கன்னா? உங்கம்மா உள்ள இழுத்துட்டுக் கெடக்கறாங்க. கல்லறைத் தோட்டத்துல எடம் கேட்டு எழுதிக் குடுத்திருக்குது. அதுக்கும் கையெழுத்துப் போட வேண்டியது அந்த மதன்குமாருதானுங்க."

ரூபன் வண்டியை நிறுத்திவிட்டு பிளேடை எடுத்து வெளியே வைத்தான். ரூபன் கோழை. இதை மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை. சாகப்போகிறவளுக்கு ஆறடி இடம் வேண்டி, உயிரோடு இருப்பவளின் மூன்றடி இடத்தை விட்டுக்கொடுத்தான். பூட்டைத் திறக்க முடியாது என்று யுவஸ்ரீக்குப் போன் போட்டுச் சொன்னான். "பரவால்லீங்கண்ணா, நான் காலேஜ்ல கேட்டுப் பாக்கறேன்" என்று அவள்தான் அவனைச் சமாதானப்படுத்தினாள். மூன்று நாள் அவகாசம் கேட்டாள், கிடைக்கவில்லை. பட்டியலில் அடுத்து இருந்தவளும் ஏழை வீட்டுப் பெண்தான். வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள்.

இருபத்திநாலாம் தேதி தலைமை ஆயர் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தார். கழிவறையைச் சுற்றிச் சாமந்தி மாலை கட்டியிருந்தார்கள். கதவுக்கு மேல் கருங்கல் பலகையில் நாற்பத்திரண்டு பெயர்கள், தலைமை ஆயரின் பெயர் தனியாகத் தங்க எழுத்தில்.

"பதினேழு ஆலயங்களையும் இரண்டு கல்யாண மண்டபங்களையும் பிரதிஷ்டை செய்த எனக்கு இது முதல் கழிவறை" என்று அவர் ஆரம்பித்தார். "நாங்கள் இந்தத் தாய்க்கு ஒரு கழிவறையைக் கொடுத்தோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களையே கொடுத்திருக்கிறோம்."

ரிப்பன் வெட்டி, உள்ளே போய், நாலு மூலையிலும் எண்ணெய் தொட்டு ஜெபித்து, வெளியே வந்து தம் கையாலேயே பூட்டினார். சாவியை ஒரு வெல்வெட் பெட்டியில் வைத்தார்கள். ஆலயத்தின் ஆண்டுவிழாக் கண்காட்சியில் ஒரு மாசம் அது வைக்கப்படும் என்று மதன்குமார் அறிவித்தார். பெட்டியோடு தலைமை ஆயரின் கார் அடுத்த பிரதிஷ்டைக்குப் புறப்பட்டுப் போனது.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்று மதன்குமார் மைக்கைப் பிடித்தார். "இந்தக் காலத்துல ஒரு பொண்ணு, கையில கெடச்ச கல்லூரி சீட்டை வேண்டாம்னு விட்டுட்டு, எனக்கு என் தாய்தான் முக்கியம்னு ஊட்டோட இருந்திருக்குது. அந்த முடிவைப் பாராட்டி நம்ம சபை சார்பா 'தியாக மகள்' கேடயம்!"

கைதட்டல் காலனியை அதிர வைத்தது. ரூபன் குனிந்து பார்த்தபோது அவன் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. யுவஸ்ரீயின் கையில் கேடயத்தைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நான் ஒரு முடிவும் எடுக்கலீங்க. நீங்க பூட்டிட்டுப் போயிட்டீங்க" என்றாள் அவள்.

"என்ன ஒரு தாழ்மை!" என்று கண் மருத்துவர் கண்ணைத் துடைத்தார். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

கூட்டம் பிரியாணிப் பொட்டலத்துக்குக் கலைந்தபோது பழனியாத்தாள் ரூபனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தம்பி, வவுறு முட்டிக்கிட்டு வருதுங்க. காலைல இருந்து ஆளுங்க இருக்கறாங்கன்னு அடக்கிட்டு உக்காந்திருக்கறேன். அந்தச் சாவி..."

ரூபன் மதன்குமாரைப் பார்த்தான். "கண்காட்சி முடிஞ்சதும் கூரியர்ல அனுப்பிடுவோம் ப்ரதர்" என்றார் அவர்.

யுவஸ்ரீ கேடயத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு, அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். இரண்டு பேரும் மாலை கட்டிய கழிவறையைத் தாண்டி, பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க வேலிக்காத்தானை நோக்கி நடந்தார்கள்.

அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்த மதன்குமாரின் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது.

"பாத்தீங்களா ப்ரதர்? இந்த ஊர்ல தேவை இன்னும் தீரலைங்க. அடுத்த வருசமும் நாம இங்கதான் வரோணும். பிந்து, ஓடி வா! பின்னால இருந்து எடும்மா, முகம் வேண்டாம், கண்ணியமா இருக்கட்டும்."

பிந்து ஓடி வந்து கேமராவைக் கண்ணில் வைத்தாள். "டாய்லெட் தெரியுதுங்களேண்ணா."

"தெரியாம எடு. கொஞ்சம் அக்கட்டால நின்னுக்க."

அவள் நகர வேண்டிய இடத்தில் ரூபன் நின்றுகொண்டிருந்தான். "ரூபண்ணா, ரெண்டடி தள்ளிக்குங்களேன்" என்றாள் பிந்து.

ரூபன் தள்ளி நின்றுகொண்டான்.